ஏழு மணிக் கரண்ட்: வன்னிக்குள்ளை ஆறு நாள்

முதலாம் நாள்: வவுனியா – கிளிநொச்சி

2025 ஓகஸ்ட் லீவு விட்ட கையோடை வெளிக்கிடோணும் எண்டு நினைச்சனான், பேப்பர் திருத்தி முடிக்கவே மூண்டு நாள் போட்டுது. இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு பிள்ளையின்ரை கேள்வி. நான் வவுனியாவிலை உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறன். போன மாசம் அணுக்கருப் பிளவு பாடம் நடக்கேக்கை, ஒரு கிராம் யுரேனியத்துக்குள்ளை எவ்வளவு சக்தி இருக்கெண்டு கரும்பலகையிலை கணக்குப் போட்டுக் காட்டினன், உடனை பின் வாங்கிலிலை இருந்த பிள்ளை ஒருத்தி எழும்பி, "ரீச்சர், அப்ப எங்கடை நாட்டிலை ஒரு அணு உலை கட்டினா கரண்ட் பில் குறையுமோ?" எண்டு கேட்டாள். எங்களுக்குக் காத்தும் வெயிலும் தாராளமா இருக்கு, அதுதான் மலிவு எண்டு சொன்னன். "அப்ப இரவு ஏழு மணிக்கு?" எண்டாள். மணி அடிச்சிட்டுது. அவளின்ரை தாய் தையல் மிசின் வைச்சுத்தான் குடும்பம் பாக்கிறவ, சமையல் முடிச்சு ஏழு மணிக்குப் பிறகுதான் மிசினிலை இருப்பா, அதனாலை அந்தப் பிள்ளை சும்மா வாய்க்கு வந்ததைக் கேக்கேல்லை.

பஸ்ஸிலை ஜன்னல் பக்கம் இடம் கிடைச்சுது. ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம். காட்டுக்கு மேலாலை உயர் அழுத்த லைன் போறதைப் பாக்கேக்கை எனக்கு எப்பவும் நெஞ்சுக்குள்ளை ஒரு மாதிரி இருக்கும், ஏனெண்டா நான் படிச்ச காலம் வன்னியிலை லைன் கரண்ட் எண்ட ஒண்டே இல்லை. ஜாம் போத்தல் விளக்குத்தான். போத்தலின்ரை அடியிலை பஞ்சு, அது ஊறுற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், ஒரு சின்னத் திரி. பொருளாதாரத் தடைக் காலத்திலை மண்ணெண்ணெய் விலை தங்கம் மாதிரி, அம்மா மூடியாலை அளந்துதான் ஊத்துவா, நானும் தம்பியும் ஒரே விளக்குக்கு இரண்டு பக்கமும் கொப்பியை வைச்சுப் படிச்சம். செய்தி கேக்கிற நேரம் அப்பா சைக்கிளைக் கவிட்டு வைச்சுப் பெடலைக் கையாலை சுத்துவார், டைனமோவிலை இருந்து ரேடியோவுக்கு வயர். சுத்துறதை நிப்பாட்டினா செய்தியும் நிண்டிடும். கரண்டை உண்டாக்கிற அந்த நிமிசத்திலேயே பாவிக்கோணும் எண்டதை நான் புத்தகத்திலை படிக்க முந்தி அப்பாவின்ரை கையைப் பாத்துத்தான் படிச்சனான்.

கிளிநொச்சியிலை தம்பி மோட்டச்சைக்கிளோடை நிண்டான். அவன் கூரைக்குச் சோலர் பூட்டுற வேலை செய்யிறவன். இரவு சாப்பிட்டு முடிய, 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நடந்த கதையை விபரமாச் சொன்னான். அண்டைக்கு ஞாயிறு, பகல் 11 மணி தாண்டினாப் போலை பாணந்துறை உபமின்நிலையத்திலை ஒரு குரங்கு பட்டு முழு இலங்கையும் இருண்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். தம்பிக்கு அண்டைக்கு போனுக்கு மேலை போன், "தம்பி, வெயில் எறிக்குது, கூரையிலை அஞ்சு கிலோவாட் பனல் கிடக்கு, வீட்டிலை ஒரு ஃபேன்கூடச் சுத்தேல்லை, என்ன சாமானைப் பூட்டினனீர்?" எண்டு. பனலிலை பிழை இல்லை. பற்றரி இல்லாத, லைனோடை சேந்து ஓடுற இன்வேட்டர் லைன் நிண்ட உடனை தானும் நிண்டிடும். அது வேணுமெண்டு செய்து வைச்சிருக்கிறது, இல்லாட்டி லைன் திருத்தப் போஸ்ற்றிலை ஏறினவனுக்கு உங்கடை கூரையிலை இருந்து போற கரண்ட் அடிச்சிடும். காசு வாங்கிப் பூட்டுற ஆக்கள் இதை முதலே சொல்லுறேல்லை எண்டதுதான் எனக்குக் கோவம். பிறகு ஏப்ரல் மாசம், சித்திரை வருசத்தை ஒட்டி 13இலை இருந்து 21 வரைக்கும், கூரைச் சோலரைப் பகலிலை நிப்பாட்டி வைக்கச் சொல்லி நாடு முழுக்க அறிவிப்பு வந்தது, லீவு நாளிலை பகல் பாவனை குறைவு, லைனுக்குக் கரண்ட் கூடிப்போச்சு. 2022 மார்ச் கடைசியிலை ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாடு இது. மூண்டு வருசம் கழிச்சு மத்தியானக் கரண்ட் கூடிப்போச்சு, நிப்பாட்டுங்கோ எண்டு கேக்குது. இரண்டும் ஒரே வருத்தத்தின்ரை இரண்டு குணங்குறி எண்டுதான் நான் நினைக்கிறன்.

இரண்டாம் நாள்: தர்மபுரம், விசுவமடு

பரந்தனிலை திரும்பி முல்லைத்தீவு ரோட்டாலை போனம். விசுவமடுவிலை மாமாவின்ரை தோட்டம். மிளகாயும் கச்சானும். மாமி தேத்தண்ணி தர முந்தியே மாமா கையைப் பிடிச்சுக் கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போட்டார். எட்டுப் பனல், வடக்காலை நிக்கிற வேம்பிலை நிழல் விழாத மாதிரிப் பாத்து வைச்சிருக்கினம், கிணத்துக்குள்ளை மோட்டர், பக்கத்திலை ஆள் உயரத்துக்குச் சீமெந்துத் தொட்டி. பற்றரி இல்லை. காலமை எட்டு மணிக்கு மெல்லமாத் தண்ணி வரத் தொடங்கும், பதினொரு மணிக்குக் குழாய் வாய் நிறையப் பாயும், நாலு மணிக்கு மெலிஞ்சு போகும். தொட்டி நிறைஞ்ச பிறகு மாமா தனக்குத் தோதான நேரம் வாய்க்காலைத் திறப்பார்.

"முந்தி மிசினுக்கு எண்ணெய் வாங்கவே மிளகாய் வித்த காசிலை பாதி போடும் பிள்ளை. இப்ப இறைப்புக்கு ஒரு சதம் இல்லை" எண்டார். நான் தொட்டிச் சுவரிலை கையை வைச்சுப் பாத்தன், வெளியாலை வெயில் கொதிக்குது, சீமெந்து குளிர்ந்து கிடக்கு, தண்ணி மட்டத்துக்கு ஒரு சாண் கீழை பச்சைப் பாசி கோடு போட்ட மாதிரி. இந்தத் தொட்டிதான் மாமாவின்ரை பற்றரி. வெயில் கரண்டின்ரை மலிவு முழுக்க இப்பிடியான வேலையிலைதான் கைக்கு வரும், எந்த நேரம் செய்தாலும் பரவாயில்லை எண்ட வேலை. தண்ணி இறைக்கிறது, மா அரைக்கிறது, உடுப்பு அயன் பண்ணுறது. ஏழு மணிக்குப் பிள்ளை படிக்கிற லைட்டை மத்தியானமே போட்டு முடிக்கேலாது.

பின்னேரம் அந்தப் பக்கத்திலை உள்ள ஒரு அரிசி மில்லுக்குப் போனம். மில் ஐயாவுக்கு எழுபது வயசு தாண்டும். சிறுபோக நெல் வந்து மூட்டை மூட்டையா அடுக்கிக் கிடந்தது, உமித் தூசியிலை எனக்குத் தும்மல் நிக்கேல்லை. அவர் 2022 ஓகஸ்ட்டிலை கரண்ட் விலை சராசரி 75 வீதம் கூடினதையும், ஆறு மாசத்துக்குள்ளை 2023 பெப்ரவரியிலை திரும்ப 66 வீதம் கூடினதையும் நாள் கிழமையோடை சொன்னார், அந்த பில்லுகளை ஒரு பிஸ்கற் ரின்னுக்குள்ளை போட்டு வைச்சிருக்கிறார். அதுக்குப் பிறகு கொஞ்சம் குறைச்சவை, பிறகும் கூட்டினவை. "விலை கூடினாலும் தாங்கலாம் ரீச்சர், அடுத்த மாசம் என்ன விலை எண்டு தெரியாமல்தான் தொழில் செய்யேலாமல் கிடக்கு" எண்டார்.

மில்லுக்குப் பின்னாலை ஒரு பழைய லிஸ்ரர் எஞ்சின். போர்க்காலத்திலை அதாலைதான் நெல்லுக் குத்தினவராம். இப்பவும் துடைச்சு எண்ணெய் பூசி வைச்சிருக்கிறார். நான் கேட்ட உடனை ஸ்ராட் பண்ணிக் காட்டினார். அதின்ரை பக்கத்திலை இருக்கிற பாரச் சக்கரம் என்ரை நெஞ்சு உயரம் வரும். நல்லா ஓடவிட்டு எண்ணெயை நிப்பாட்டினார், எஞ்சின் சத்தம் நிண்டு போச்சு, சக்கரம் நிக்கேல்லை, ஒரு கன நேரம் சுத்திச் சுத்தித்தான் ஓய்ஞ்சுது. "நெல்லு ஒருக்கா இறுகினாலும் இந்தச் சக்கரம் இழுத்துக்கொண்டு போயிடும், புது மோட்டர் அப்பிடியே நிண்டிடும்."

பெப்ரவரி 9 இருட்டுக்கு விளக்கம் இதுதான். பெரிய மின்நிலையம் எதுவா இருந்தாலும், தண்ணியோ நிலக்கரியோ அணுவோ, அதுக்குள்ளை தொன் கணக்கிலை பாரமான ஒரு மிசின் சுத்திக்கொண்டிருக்கும். லைனிலை எங்கையாவது ஒரு இடி விழுந்தா அந்தச் சுழற்சி சில செக்கன் தாங்கிப் பிடிக்கும், அந்தச் சில செக்கனுக்குள்ளை மற்ற மிசின்கள் சுதாகரிச்சுக்கொள்ளும். சோலர் பனலுக்குள்ளை சுத்துறதுக்கு ஒண்டும் இல்லை. அந்த ஞாயிறு மத்தியானம் சோலர் கூட, சுத்துற மிசின்கள் குறைவு, அதனாலை ஒரு உபநிலையத்துப் பிழை முழு நாட்டையும் விழுத்தினது. அதோடை நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்திலை மூண்டு 300 மெகாவாட் மிசினும் நிண்டு, அடுத்த நாளும் அதுக்கு அடுத்த நாளும் ஒண்டரை மணித்தியாலம் ஒண்டரை மணித்தியாலமா வெட்டினவை. இதை வைச்சு சோலர் கூடாது எண்டு சொல்லுற ஆக்களோடை நான் ஒத்துப்போகமாட்டன். பற்றரிக்கு முன்னாலை சரியான இன்வேட்டர் வைச்சா அது சக்கரத்தின்ரை வேலையைச் செய்யும், பாரச் சக்கரத்தை மட்டும் தனியாச் சுத்தவிட்டு லைனைத் தாங்கிற மிசின்களும் இருக்கு. வெளிநாடுகளிலை பூட்டியிருக்கினம். எங்களிட்டை பனல் வந்த வேகத்துக்கு அதுகள் வரேல்லை.

மூண்டாம் நாள்: முல்லைத்தீவு

புதுக்குடியிருப்பு தாண்டி முல்லைத்தீவுக் கடற்கரைக்கு வெள்ளணவே வந்திட்டம். தம்பி ஒண்டும் கதைக்காமல் வந்தான், அந்த ரோட்டிலை எங்கள் இரண்டு பேருக்கும் கதைக்கிறதுக்கு ஒண்டும் இல்லை.

ஐஸ் பக்ரறி ஒண்டுக்குப் போனம். உப்புத்தண்ணித் தொட்டிக்குள்ளை தகரப் பெட்டிகளை இறக்கி வைச்சிருக்கினம், ஒரு கட்டி இறுக ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். கரண்ட் இடையிலை இரண்டு மணித்தியாலம் நிண்டா கட்டியின்ரை நடு வெள்ளையாப் பொருமிப் போகுமாம், கடலுக்குக் கொண்டுபோனா விடியிறதுக்குள்ளை தண்ணி. அங்கை வேலை செய்யிற அண்ணை ஒருத்தர் நல்ல கட்டியையும் கெட்ட கட்டியையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சுக் காட்டினார், நல்லது கண்ணாடி மாதிரி, அங்காலை நிக்கிறவரின்ரை முகம் தெரியுது. "எங்களுக்கு மலிவுக் கரண்ட் பகலிலை கிடைக்குமெண்டா மிசினைப் பகலிலை முறுக்கி ஓட்டி இரவிலை குறைச்சு ஓட்டலாம் தங்கச்சி, குளிர் தொட்டிக்குள்ளை நிக்கும். ஆனா பகலுக்கு ஒரு விலை இரவுக்கு ஒரு விலை எண்டு ஆர் எங்களுக்கு வந்து விளங்கப்படுத்தினவை?" எண்டு கேட்டார். ஐஸ் எண்டதும் மாமாவின்ரை தண்ணித் தொட்டி மாதிரித்தான் எண்டது எனக்கு அந்த இடத்திலைதான் உறைச்சுது.

பிறகு கடற்கரையிலை இருந்தம். 2004 டிசம்பர் 26 காலமை இந்தக் கரையைச் சுனாமி அடிச்சுது, எங்கடை வகுப்பிலேயே எத்தினை பேர். அதே காலமை அதே கடல் தமிழ்நாட்டுக் கல்பாக்கத்திலை அணு மின்நிலையத்தையும் அடிச்சுது. குளிரத் தண்ணி எடுக்கிற பம்ப் இருக்கிற இடத்துக்குள்ளை கடல் தண்ணி புகுந்துது, ஓடிக்கொண்டிருந்த உலையை நிப்பாட்டினவை, கதிர்வீச்சு ஒண்டும் வெளியிலை வரேல்லை. ஆறு வருசம் கழிச்சு, 2011 மார்ச் 11, ஜப்பானிலை புக்குஷிமா. அங்கையும் நில நடுக்கத்தோடை உலைகள் நிண்டிட்டுது, ஆனா நிண்ட உலைக்குள்ளையும் சூடு வந்துகொண்டே இருக்கும், அதைக் குளிராக்கத் தண்ணி ஓடோணும், தண்ணி ஓடப் பம்ப் வேணும், பம்ப்புக்குக் கரண்ட் வேணும். வெளிக் கரண்ட் போச்சு, ஜெனரேற்றருக்குள்ளை கடல் தண்ணி போச்சு. ஊருக்கெல்லாம் கரண்ட் குடுத்த இடம் தனக்குக் கரண்ட் இல்லாமல் அழிஞ்சுது.

எனக்கு அணுவிலை பயம் இல்லை, படிப்பிக்கிறனான். ஒரு யுனிட்டுக்குக் காபன் எவ்வளவு எண்டு ஐ.நா.வின்ரை காலநிலைக் குழு 2014இலை போட்ட கணக்கிலை அணுவுக்கும் காத்துக்கும் 12 கிராம் அளவிலை, நிலக்கரிக்கு 820 கிராம். நிலக்கரிப் புகையாலை சாகிற சனத்தோடை பாக்கேக்கை அணுவாலை செத்த ஆக்கள் மிச்சும் குறைவு. ஆனா அணு உலையைக் கட்டுற நாட்டிலை, எண்டைக்குமே அணையாத ஒரு நிர்வாகம் இருக்கோணும், அதுதான் என்ரை கவலை. யாழ்ப்பாணம் சுன்னாகத்திலை எண்ணெயிலை ஓடின மின்நிலையத்தை அண்டின கிணறுகளிலை எண்ணெய் மிதந்தது, சனம் வருசக்கணக்காக் கத்தி, கோட்டுக்குப் போய்த்தான் நியாயம் கொஞ்சம் கிடைச்சுது. கழிவு எண்ணெய்க்கே இந்தப் பாடு. எரிஞ்சு முடிஞ்ச அணு எரிபொருளைப் பாதுகாக்க வேண்டிய காலம் ஆயிரக்கணக்கான வருசம்.

நாலாம் நாள்: பூநகரி வழியா மன்னார்

பரந்தனுக்குத் திரும்பிப் பூநகரி, பிறகு ஏ32 ரோட்டு. மத்தியானம் பூநகரியிலை மொட்டைக்கறுப்பன் சோறும் திருக்கை மீன் குழம்பும், அதைப் பற்றி எழுதினா கரண்ட் கதை இண்டைக்கு முடியாது. வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு, வழி நெடுகக் காத்து மோட்டச்சைக்கிளை விழுத்தப் பாத்துது. இது சோளகக் காத்து. மே தொடங்கி செப்ரெம்பர் வரைக்கும் நிண்டு வீசும்.

இந்தப் பூநகரியிலையும் மன்னாரிலையும் சேத்து 484 மெகாவாட் காற்றாலை வரப்போறதெண்டு கன கதை நடந்தது, இந்தியாவின்ரை அதானி கொம்பனிக்கு, யுனிட்டுக்கு 8.26 அமெரிக்கச் சதம், 20 வருச ஒப்பந்தம். 2024இலை வந்த புது அரசாங்கம் விலையைக் குறைக்கக் கேட்டது, 2025 பெப்ரவரியிலை அதானி ஆக்கள் தாங்களே விலகினவை. மன்னாரிலை 50 மெகாவாட்டுக்குப் போட்டியா விலைக் கேள்வி கோரேக்கை 4.65 சதத்துக்கு ஆள் வந்தது. ஏறக்குறையப் பாதி. காத்து அதே காத்து. போட்டியா விட்டா ஒரு விலை, மூடின கதவுக்குள்ளை கதைச்சா ஒரு விலை. காத்து மலிவோ அணு மலிவோ எண்டு கேக்க முந்தி அந்த விலையை ஆர் எப்பிடிப் பேசினவை எண்டு கேக்கோணும்.

அஞ்சாம் நாள்: மன்னார்த் தீவு, தலைமன்னார்

தம்பபவனி காற்றாலை 2020 டிசம்பரிலை திறந்தது. தீவின்ரை தெற்குக் கரையிலை 30 காற்றாடி, ஒவ்வொண்டும் 3.45 மெகாவாட், மொத்தம் 103.5. ஒரு இறகே 60 மீற்றருக்கு மேலை. கிட்டப் போய் நிண்டா முதலிலை காதுக்குத்தான் தெரியும், ஊம், ஊம் எண்டு ஒரு இழுவை, மூண்டு இறகும் ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டு தலைக்கு மேலாலை போகேக்கை நிழல் மணலிலை ஓடி வந்து எங்களைத் தாண்டிப் போகுது. தம்பி நிழல் வாற நேரம் எல்லாம் குனிஞ்சான். நான் கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டன். காத்து எல்லா நேரமும் வீசாது, வருசம் முழுக்கப் பாத்தா 40 வீதம் எண்டு எடுப்பம், அப்ப ஒரு காற்றாடி சராசரி 1.4 மெகாவாட் தரும். கடலுக்கு அங்காலை இருக்கிற கூடங்குளத்திலை ஒரு உலை 1000 மெகாவாட், 80 வீதம் ஓடினா 800. அப்ப அந்த ஒரு உலைக்குப் பதிலா ஏறக்குறைய 600 காற்றாடி நட வேணும். இந்தத் தீவிலை அதுக்கு இடம் இல்லை. அணுவின்ரை பக்கம் நிண்டு கதைக்கிற ஆக்கள் இடத்தைப் பற்றிச் சொல்லுறது பிழையில்லை.

நாங்கள் போன அந்த 2025 ஓகஸ்ட்டிலை மன்னார் ரவுணிலை சனம் போராட்டத்திலை இருந்தது, புதுசா வாற காற்றாடிகள் வேண்டாமெண்டு, கனிய மணல் அள்ள வேண்டாமெண்டு. ஜனாதிபதி ஒரு மாசத்துக்கு வேலையை நிப்பாட்டச் சொல்லியிருந்தார். பந்தலுக்குள்ளை நானும் ஒரு மணித்தியாலம் இருந்தன். ஒரு அம்மா சொன்னா, ரோட்டை உயத்திப் போட்ட பிறகு மழைத் தண்ணி கடலுக்கு ஓடாமல் வளவுக்குள்ளை நிக்குதாம். ஒரு மீன்பிடி ஐயா, கரைவலைக்கு மீன் குறைஞ்சு போச்செண்டார். குளிர் காலத்துக்கு வடக்கிலை இருந்து பறவையள் வந்து இறங்கிற இடம் இது, பக்கத்திலை வங்காலைச் சரணாலயம் 2010இலை இருந்து ராம்சார் எண்ட சர்வதேசப் பட்டியலிலை உள்ள ஈரநிலம். "கரண்டு அனுராதபுரத்துக்குப் போகுது, எங்களுக்குச் சத்தமும் தண்ணியும்" எண்டா அந்த அம்மா. நான் காத்துக் கரண்டு வேணும் எண்டு நிக்கிற ஆள், அந்த அம்மாவுக்கு என்னாலை ஒரு பதிலும் சொல்லேலாமல் போச்சு. இடம் குடுக்கிற சனத்துக்கு பில்லிலை ஒரு கழிவு, தீர்மானம் எடுக்கிற மேசையிலை ஒரு கதிரை, இதைக்கூடக் குடுக்காமல் "சுத்தமான சக்தி" எண்டு சொல்லுறது எனக்குச் சரியாப் படேல்லை. கூடங்குளத்திலையும் இதேதான், 2011இலை இருந்து இடிந்தகரைச் சனம் மாசக்கணக்காப் போராட்டத்திலை இருந்தவை.

பின்னேரம் தலைமன்னார் பழைய இறங்குதுறை. இங்கை இருந்து பாத்தா கடல்தான், ஆனா எனக்கு அங்காலை இருக்கிறதுதான் மனதிலை. கூடங்குளத்துக்கு முதல் ஒப்பந்தம் 1988, கொங்கிறீற் போடத் தொடங்கினது 2002, முதலாவது உலை வியாபார உற்பத்திக்கு வந்தது 2014 டிசம்பர் 31. எங்கடை நாட்டிலை அணுசக்திச் சட்டம் 2014இலை வந்தது, 2022இலை சர்வதேச அணுசக்தி முகவரகம் வந்து நாடு எவ்வளவு ஆயத்தமெண்டு பாத்திட்டும் போனது. நாளைக்கே ஓமெண்டாலும் எங்கடை உயர்தரப் பிள்ளையளின்ரை பிள்ளையள் உயர்தரம் எடுக்கேக்கைதான் கரண்ட் வரும்.

காசைப் பாருங்கோ. பங்களாதேசிலை ரூப்பூர் எண்ட இடத்திலை ரஷ்யாக்காரர் 2017 கடைசியிலை கட்டத் தொடங்கினவை, 1200 மெகாவாட் உலை இரண்டு, ஒப்பந்த விலை 1,265 கோடி டொலர், அதிலை 90 வீதம் கடன். இலங்கை 2022 ஏப்ரலிலை வெளிநாட்டுக் கடன் கட்டேலாதெண்டு கையை விரிச்சுது, அடுத்த வருசம் மார்ச்சிலை ஐ.எம்.எஃப். தர ஒத்துக்கொண்டது நாலு வருசத்துக்கு ஏறக்குறைய 300 கோடி டொலர். அதைப்போலை நாலு மடங்குக்கு மேலை ஒரே ஒரு மின்நிலையத்துக்கு.

காசு இருந்தாலும் அளவு பொருந்தாது. இலங்கை முழுக்க இரவு ஏழு மணிக்குத் தேவைப்படுறது 3000 மெகாவாட்டுக்கும் குறைவு. அதிலை 1000 மெகாவாட் ஒரே மிசினிலை இருந்து வந்தா, அந்த மிசின் ஒரு நாள் சடுதியா நிண்டா மூண்டிலை ஒரு பங்கு போச்சு, முழு லைனும் விழும். ஒரு மிசின் மொத்தத்திலை பத்து வீதத்துக்கு மேலை இருக்கக் கூடாதெண்டு பொதுவாச் சொல்லுவினம். நுரைச்சோலையின்ரை மூண்டு 300 மெகாவாட் மிசினும் நிண்டதுக்கே நாள் கணக்கிலை கரண்டை வெட்டினவை. சின்ன உலைகள் வரும் எண்டு சொல்லினம், அமெரிக்காவிலை யூட்டா மாநிலத்துக்கெண்டு திட்டம் போட்ட சின்ன உலையை 2023 நவம்பரிலை கைவிட்டவை, மெகாவாட் மணிக்கு 58 டொலர் எண்டு சொன்ன விலை 89 டொலருக்கு ஏறினது. நாலு பெரிய உலையைக் கட்டி முடிச்சு நாட்டின்ரை கரண்டிலை கால்வாசியை எடுக்கிற ஐக்கிய அரபு அமீரகமும் இருக்கு, அவையிட்டைக் கைக்காசு இருக்கு, லைனும் பெரிசு. தமிழ்நாடும் அப்பிடித்தான், இந்தியா முழுக்க ஒரே லைன், அதுக்குள்ளை 1000 மெகாவாட் ஒரு துளி. அதனாலை கூடங்குளம் அங்கை பொருந்தும், இங்கை பொருந்தாது. இது பௌதிகவியல் கணக்கு, அணுவிலை விருப்பு வெறுப்பு இல்லை.

ஆனா இந்தத் தலைமன்னாராலை ஒரு வயர் வரலாம். மதுரைப் பக்கமிருந்து மன்னார் வழியா ஹபரணைக்கு நேரோட்ட லைன் போடுறதெண்டு கன வருசமாக் கதைக்கினம், 2025 ஏப்ரலிலை இரண்டு அரசாங்கமும் ஒரு உடன்படிக்கையும் வைச்சவை. அப்பிடி வந்தா சோளகத்திலை மன்னார்க் காத்து அங்கை போகும், மார்ச் ஏப்ரலிலை காத்தும் இல்லை மலைநாட்டுக் குளங்களிலை தண்ணியும் இல்லை எண்ட நேரம் அங்கத்தையான் அணுக் கரண்டும் சேந்து இங்கை வரும். உலையைக் கட்டுறதை விட வயரை இழுக்கிறது எங்களுக்கு ஏலுமான காரியம். மிச்சத்துக்குப் பற்றரி. 2010இலை ஒரு கிலோவாட் மணிக்கு 1000 டொலருக்கு மேலை வித்தது, 2024இலை உலகச் சராசரி 115 டொலர். மத்தியானம் நிப்பாட்டி வைக்கச் சொன்ன அந்தக் கூரைக் கரண்டை ஏழு மணிக்குக் கொண்டுபோற வண்டில் அதுதான்.

பொழுது பட்டு இருட்டினது. எங்களுக்குப் பின்னாலை காற்றாடிகளின்ரை தலையிலை சிவப்பு லைட் மின்னத் தொடங்கிச்சுது.

ஆறாம் நாள்: வீடு

மன்னாரிலை இருந்து பஸ். கட்டுக்கரைக்குளத்து வயலிலை அரிவு வெட்டு நடக்குது. வீட்டை வந்து சேர நாலு மணி. தம்பி கிளிநொச்சிக்குப் போட்டான், போக முதல் என்ரை வீட்டுக் கூரையை ஒருக்கா அளந்து பாத்திட்டுத்தான் போனவன், பற்றரியோடை எவ்வளவு முடியும் எண்டு கணக்குப் பாத்து அனுப்புறானாம்.

திங்கக்கிழமை பள்ளிக்கூடம் தொடங்குது. அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லப்போற பதில்: பில் குறையாது பிள்ளை, நீங்கள் பள்ளிக்கூடம் முடிச்சு, கலியாணம் கட்டி, கடன் கட்டுற காலம் வரைக்கும் குறையாது. அதோடை முழு வகுப்புக்கும் ஒரு வேலை குடுக்கப்போறன், ஒரு கிழமைக்கு வீட்டு மீற்றரைக் காலமை ஆறு மணிக்கும், பின்னேரம் ஆறு மணிக்கும், இரவு பத்து மணிக்கும் பாத்து எழுதிக்கொண்டு வாங்கோ எண்டு. பிள்ளையளிட்டைக் கேக்க முந்தி நான் செய்யோணும் எண்டு ரோச்சை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனன். பின்னேரம் ஆறு மணிக்கு 8,412. இப்ப பத்து மணி, 8,414. மாமி தந்துவிட்ட கச்சானை அவிக்க அடுப்பிலை வைச்சிருக்கிறன்.